எருமை மணிக்கு உப்பில்லாச் சோறு

என் மனுசன் சோறு போட்டே ஒருவரைக் கோச்சியைத் தவறவிட வைத்தவர். கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கடைச் சுவரில் ஏன் ஒரு சுற்றும் அலுமாரி இருந்தது, ஆசனத்துக்கு ஆசனம் ஏன் கயிறு தொங்கியது என்று ஒருவருக்கும் விளங்காது.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. மட்டக்களப்புக்குக் கோச்சி, அதுதான் புகையிரதம், ஓடத் தொடங்கிக் கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. புளியந்தீவில், வாவிக் கரைக்குப் பக்கத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடை. கச்சேரிக்கு, அதுதான் அரசாங்கக் காரியாலயத்துக்கு, அலுவலாக வருகிறவர்கள் மத்தியானம் வருவார்கள். கொழும்புக் கோச்சி பிடிக்கிறவர்கள் பின்னேரம் வருவார்கள். அடுப்படியில் நான். வெளியே பரிமாறுவது என் மனுசன். எங்கள் குடிப் பெண்கள் ஊரார் சாப்பிடுகிற இடத்தில் வந்து நிற்கிற வழக்கமில்லை. ஆகையால் என் கறியைச் சாப்பிட்டவர்களில் ஒருவரையும் நான் கண்டதில்லை. அவர்களும் என்னைக் கண்டதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவைக்கிறேன். சோறு போட வருகிறவரிடம் முதல் தரம் "போதும்" என்பது மரியாதைக்கு. இரண்டாம் தரம் சொல்வது வெட்கத்துக்கு. மூன்றாம் தரமும் சொன்னால்தான் மெய்யாகவே போதும் என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். என் மனுசனுக்கு மட்டும் மூன்றிலே நிற்காது.

"என்ன ஐயா, பூனை தின்னுறாப்போல தின்னுறீங்க? இந்த ஒரு அகப்பை. எனக்காக."

"போதும், மெய்யாப் போதும்."

"நீங்க இப்பிடி எழும்பினா உள்ளுக்க சமைச்சவ அழுவா."

நான் ஒரு நாளும் அழுததில்லை. அடுப்புப் புகைக்கு மூக்கு வடிந்ததுதான் மிச்சம். ஆனால் நான் அழப்போகிறேன் என்று பயந்து எத்தனை பேர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டார்களோ, அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தட்டுக்கு மேலே கையை விரித்து மறைத்தவர்களும் உண்டு. அவர்களுடைய கைக்கு மேலேயே சொதியை ஊற்றிவிடுவார்.

இந்த மனுசனைக் கட்டியதற்காக அல்ல, இவரோடு பட்டினம் வந்ததற்காகத்தான் என் அண்ணன் என்னோடு கதைப்பதை விட்டார். அந்தக் கதையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு அதுதான் முக்கியம்.

நாங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வேளாண்மைக் கிராமம். அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். என் மனுசனும் அப்படித்தான் வந்தார். வந்தவருக்கு வேளாண்மை ஓடவில்லை. வயல் வட்டைக்கு அனுப்பினால் வரம்பில் நின்று, வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டு நிற்பார். பயிருக்குத் தண்ணீர் போயிற்றா என்று பார்க்க மாட்டார். ஆட்களுக்குச் சோறு போடுவதொன்றுதான் இவருக்குக் கைவந்த வேலை என்று எனக்கு விளங்க அதிக நாள் செல்லவில்லை. பட்டினத்தில் கடை போடலாம் என்று நான்தான் சொன்னேன். ஓம், நான்தான்.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு எனக்கிருந்த ஒரே உறவு அண்ணன். தோணித்துறை வரைக்கும் வந்தார். வழியனுப்ப அல்ல, ஏச.

"வீட்டுக்கு வந்தவனுக்கெல்லாம் சோறு குடுத்த குடியில பிறந்துபோட்டுச் சோத்தை விக்கப் போறியா? விக்கிற சோத்துட உப்பு என்ட வாயில படாது. படாது எண்டாப் படாது!"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "படாட்டிப் போகட்டும். நீங்க உப்பில்லாமத் தின்னுங்க!" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அண்ணன் வரவில்லை. ஒரு வண்டி மட்டும் வந்தது. வண்டி நிறைய நெல். "ஆர் அனுப்பினது?" என்று கேட்டேன். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்கட அண்ணன் அனுப்பினாரெண்டு சொல்ல வேணாமெண்டவர்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. வந்த நெல்லைத் திருப்பி அனுப்ப எனக்கும் மனமில்லை. ஆனால் அண்ணன் வந்து என் கையால் ஒரு வாய் சாப்பிடாமலே காலம் போய்விடுமோ என்கிற பயம் ஒன்று எனக்குள்ளே இருந்துகொண்டே இருந்தது. அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

சரி, கோச்சிக்கு வருவோம். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிற ஐயா ஒருவர் கொழும்புக்குப் போக வேண்டியவர். பின்னேரம் அவசர அவசரமாகச் சாப்பிட வந்தார். என் மனுசன் விடுவாரா? கொடுவாக் கறி முடிந்தது, இறால் முடிந்தது, தயிரும் வந்தாயிற்று. ஸ்டேசனில் கோச்சி கூவியது எனக்கே கேட்டது.

"கூவட்டும் ஐயா. கோச்சி எங்க போகப்போகுது? இந்தத் தயிரை முடிச்சுப்போட்டு எழும்புங்க."

கோச்சி போய்விட்டது. அந்த மனிதர் தயிர்க்கையோடு தெருவில் நின்று போட்ட சத்தம் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். "இது சாப்பாட்டுக் கடையில்ல, மறியல் வீடு!" என்றார். சிறை என்று அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் என் மனுசனுக்கு அது நெஞ்சில் குத்திவிட்டது. அன்று சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். நான் ஒரு தரம் கேட்டேன், இரண்டாம் தரம் கேட்டேன், மூன்றாம் தரம் கேட்கவில்லை. எல்லாருக்கும் போடுகிறவருக்கு அந்த வலி தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் எழுந்து ஆசாரியைத் தேடிப் போனார்.

முன்னொரு காலம் கன்னியாஸ்திரி மடமொன்றுக்குப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தவர் என் மனுசன். அங்கே சுவருக்குள்ளே ஒரு வட்ட அலுமாரி இருக்குமாம். வெளியே நிற்கிறவர் அதில் சாமானை வைத்துச் சுற்றிவிட்டால் அது உள்ளே போய்விடுமாம். ஆளை ஆள் காணத் தேவையில்லை. அதே மாதிரி ஒன்றை எங்கள் அடுப்படிச் சுவரை உடைத்து வைத்தார். அதோடு விடவில்லை. ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஒரு கயிறு; கயிற்றின் மறுமுனையில் அடுப்படிக்குள்ளே ஒரு மணி. பள்ளிக்கூட மணி ஒன்று, சைக்கிள் மணி ஒன்று, பூசை மணி ஒன்று என்று கிடைத்ததையெல்லாம் கட்டினார். ஜன்னலோர ஆசனத்துக்கு வேறு மணி அகப்படாமல் எருமைக் கழுத்து மணியைக் கட்டிவிட்டார். ஒரு தரம் இழுத்தால் சாப்பாடு. இரண்டு தரம் இழுத்தால் இன்னும் சோறு. மூன்று தரம் இழுத்தால் கறி. நான் உள்ளே தட்டை வைத்துச் சுற்றிவிட வேண்டும். தன் மணிக்குத் தட்டு வந்தால் அந்த ஆள் எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இனி ஆரும் ஆரையும் கரைச்சல்படுத்த ஏலா," என்றார். "வேணுமெண்டா இழுக்கிறது. வேணாமெண்டாச் சும்மா இரிக்கிறது. எல்லாம் தானா நடக்கும்."

"அப்ப நீங்க?"

"நான் வாசல் மேசையில இரிப்பன்."

"வாயை மூடிக்கொண்டோ?"

"மூடிக்கொண்டுதான்."

நான் சிரித்த சிரிப்பில் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

முதல் கிழமை மணி அடித்துப் பார்க்கவென்றே சனம் வந்தது. பிறகுதான் சங்கடம் தெரிந்தது. முதல் தட்டுக்கு எல்லாரும் இழுத்தார்கள். இரண்டாம் சோற்றுக்கு ஒருவரும் இழுக்கவில்லை. எப்படி இழுப்பார்கள்? "எனக்கு இன்னும் சோறு வேணும்" என்று நாலு பேர் பார்க்கத் தன் கையாலே கயிற்றை இழுத்துக் கேட்க எவருக்கு முகம் வரும்? யாராவது வற்புறுத்தினால்தானே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம்? கயிறு வற்புறுத்துமா? பாவங்கள், வெறும் தட்டை வைத்துக்கொண்டு கயிற்றை அண்ணாந்து பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். என் பானையில் பாதிச் சோறு மிஞ்சியது.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர். பக்கத்தில் இருந்த வாத்தியாரின் கயிற்றை எட்டி இரண்டு தரம் இழுத்துவிட்டார். "மாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணும் போல." வாத்தியார் விடுவாரா? "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வியாபாரியின் கயிற்றை இழுத்தார். அதற்குப் பிறகு ஊர் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஒருவரும் தன் கயிற்றைத் தொடுவதில்லை. எல்லாரும் அடுத்தவர் கயிற்றில் தொங்கினார்கள். அடுப்படியில் தேர்த்திருவிழா போல மணிச் சத்தம். என் மனுசன் வாசல் மேசையில் வாயைப் பொத்திக்கொண்டு, காலை ஆட்டி ஆட்டி இருந்து ரசித்தாராம்.

எனக்கு அந்த மணிகள் பிடித்துப்போய்விட்டன. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இவ்வளவு காலமும் சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "எல்லாரும் நல்லமெண்டவங்க" என்று என் மனுசன் ஒரே பாட்டைத்தான் பாடுவார். கறி கரிந்த நாளிலும் அதே பாட்டுத்தான். இப்போது கயிறு நேரே என்னிடம் வந்தது. இறாலுக்கு மூன்று மணி, கத்தரிக்காய்க்கு ஒன்றுமில்லை. பொய் சொல்லத் தெரியாத மணிகள். ஆளைக் காணாவிட்டாலும் இழுக்கிற கையை வைத்து ஆளின் குணத்தை மட்டுக்கட்டப் பழகிவிட்டேன்.

அப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை எருமை மணி அடித்தது. ஒரே ஒரு தரம். வெடுக்கென்ற இழுவை. வேண்டாத வேலைக்கு வந்தவர் இழுத்த மாதிரி இருந்தது.

நல்ல ஒட்டி மீன் கறியும் கீரையும் சொதியும் வைத்து, தயிரும் சீனியும் ஒரு வாழைப்பழமும் சேர்த்து அனுப்பினேன். தட்டு திரும்பி வந்ததைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கறியில் கை வைக்கவே இல்லை. கீரை வைத்தபடி. சொதி வைத்தபடி. வெறும் சோற்றைத் தயிரிலும் சீனியிலும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறது அந்தச் சீவன். ஓரத்தில் வாழைப்பழமும் முழுசாகக் கிடந்தது.

"ஆரடா இவன், பெரிய இவன்! பழத்திலயும் குற்றமோ?" என்று அந்தப் பழத்தைத் தூக்கினேன்.

கையில் கனமே இல்லை. அமுக்கினேன். அமுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் தோல். தோலை ஒட்ட ஒட்ட மடித்து, காம்பைப் பொருத்தி, முழுப் பழம் போல வைத்திருந்தது.

இந்த வேலை செய்கிறவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். சின்ன வயதில் என் பங்குப் பழத்தையும் தின்றுவிட்டுத் தோலை இப்படி மடித்து என் தட்டில் வைப்பார். நான் ஆசையோடு கை வைத்து ஏமாந்து, வீடு கேட்கக் குழறி அழுவேன். அவர் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பார். அந்தத் தோலை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். என் மனுசன் இத்தனை வருடம் ஊருக்குச் சொல்லிவந்த அழுகை அன்றைக்குத்தான் மெய்யாகியது.

கடை ஆளில்லாமல் வெளித்ததும் என் மனுசனைப் பிடித்தேன்.

"எருமை மணியில இருந்தது ஆர்?"

"அது... ஆரோ வெளியூர் ஆள்." காதைச் சொறிந்தார். பொய் சொன்னால் அவருக்குக் காது கடிக்கும்.

"என்ட அண்ணனை எனக்கு மறைக்கிறீங்களா?"

காதிலிருந்து கையை எடுத்தார். "இஞ்ச பாரு புள்ள. சொன்னா நீ ஓடி வந்திருப்பாய். நீ வந்தா அந்த மனிசன் எழும்பிப் போயிருப்பார். நான் 'வாங்க மச்சான்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாலும் போயிருப்பார். ஆரும் கூப்பிடாம, ஆரும் போடாம, கயித்தை இழுத்துத் தின்னுற இடமெண்டுதான் வந்திரிக்கார். நான் நாக்கைக் கடிச்சுக்கொண்டு இரிந்தன். இஞ்ச பாரு." நாக்கை நீட்டிக் காட்டினார். மெய்யாகவே பல் அடையாளம் இருந்தது.

அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த அன்பை எழுதினால் இந்த வயதில் வெட்கம்.

விசாரித்து விசயத்தை அறிந்துகொண்டோம். எங்கள் ஊர் வட்டைக்கு வருகிற வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று ஒரு வழக்கு. கச்சேரியில் செவ்வாய்க்கிழமைதோறும் விசாரணை. ஊருக்காகக் கதைக்க அண்ணன் வருகிறார். பட்டினத்தில் வேறு கடை இல்லாமலா எங்கள் கடைக்கு வந்தார்? ஆனால் விசாரணை முடிந்தால் வருகையும் முடிந்துவிடும். அதற்குள்ளே ஏதாவது நடக்க வேண்டும். என்ன நடக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கறியைத் தொடாத காரணம் எனக்கு இரவெல்லாம் யோசித்தபிறகு பிடிபட்டது. உப்பு! நான் சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை. தயிருக்கும் உப்பில்லை, பழத்துக்கும் உப்பில்லை. விற்கிற சோற்றின் உப்பு வாயில் படாது என்று சொன்ன மனுசன், சொன்ன சொல்லையும் காப்பாற்றி என் கடையிலும் வயிறு நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார். உப்பில்லாமத் தின்னுங்க என்று நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

எனக்கும் அதே இரத்தம்தானே. அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கென்று ஒரு சின்னச் சட்டியில் உப்பில்லாமல் கறி வைத்தேன். எல்லாத் தட்டிலும் ஓரத்தில் ஒரு சொட்டு உப்பு வைப்பேன். அதையும் அந்தத் தட்டில் வைக்கவில்லை. எருமை மணி அடித்தது. தட்டு போனது. பிறகு தட்டு திரும்பி வந்தது. மீன் முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. உப்பில்லாத கறியைச் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறார் மகாராசன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என் மனுசன் வாசல் மேசையிலிருந்து அடுப்படிக்கு ஓடி வந்தார். "புள்ள, மச்சான் மடியில இருந்து ஒரு பொட்டணத்தை எடுக்கார். சுத்திவரப் பார்க்கார். மருந்து போடுறாப்போல கறிக்கு மேல தூவுறார்."

"மருந்தில்ல, உப்பு," என்றேன். "வீட்டு உப்பைக் கட்டிக்கொண்டு வந்திரிக்கார்."

அதற்கப்புறம் அது எங்களுக்குள்ளே ஒரு ஒழுங்காகிவிட்டது. நான் உப்பில்லாமல் அனுப்புவேன். அவர் தன் உப்பைத் தூவிச் சாப்பிடுவார். வாசல் மேசையில் காசை வைத்துவிட்டு, என் மனுசனின் முகத்தைப் பாராமல் போவார். வாழைப்பழத் தோல் மட்டும் ஒவ்வொரு தரமும் முழுப் பழமாகத் திரும்பி வரும். நானும் ஒவ்வொரு தரமும் அதை அமுக்கிப் பார்ப்பேன்.

இதில் அதிகம் வேதனைப்பட்டவர் என் மனுசன்தான். சொந்த மச்சான் முன்னால் இருந்து சாப்பிடுகிறார், இவர் ஒரு அகப்பை சோறு வைக்க ஏலாது, "காணுமா, போதுமா?" என்று கேட்க ஏலாது. தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்து பார்த்தார். எழும்பிப்போய் வாவிக் கரையில் நின்று பார்த்தார். ஒரு நாள் பொறுக்கவில்லை. அண்ணன் குனிந்து மீன் முள் எடுக்கிற நேரம் பார்த்துப் பின்னாலே வந்து எருமை மணிக் கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தாராம். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "காத்து," என்றாராம்.

அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை. ஆனாலும் நான் அனுப்பிய சோற்றை அண்ணன் சாப்பிட்டார்.

நடுவிலே ஒரு நாள் எல்லாம் கவிழப் பார்த்தது. அண்ணனின் தட்டையும் இன்னொருவர் தட்டையும் ஒன்றாக வைத்துச் சுற்றிவிட்டேன். அண்ணனின் தட்டை காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஐயா ஒருவர் எடுத்துவிட்டார். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு அலுமாரிக்குள்ளே தலையை விட்டுச் சத்தம் போட்டார்.

"உள்ளுக்க ஆரு? இது என்ன ஆஸ்பத்திரிக் கஞ்சியா? உப்பு விலை கூடிப்போச்சா?"

எனக்கு அவர் ஏசியது பெரிதாகப் படவில்லை. அண்ணனுக்கு உப்புப் போட்ட தட்டல்லவா போயிருக்கிறது! ஏமாற்றி உப்பை வாயில் வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டால்? தட்டு வந்தது. ஓரத்தில் இருந்த உப்பு அப்படியே இருந்தது. கறியைத் தொடவில்லை. பழத்தைத் தின்றிருந்தார், ஆனால் தோல் கிழிந்தபடி கிடந்தது. மடிக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. பிள்ளைக்கு ஏசினேன், மனுசனுக்கு ஏசினேன், அடுப்புக்கும் ஏசினேன். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எருமை மணி அடித்தது. எனக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து அண்ணனின் தட்டில் மட்டும் ஒரு வாழையிலைத் துண்டை விரித்தேன். அடையாளம் அவருக்கும் விளங்கிவிட்டது.

பிறகு மாரி தொடங்கியது. விசாரணை முடிந்துவிட்டதாம், தண்ணீர் எங்கள் ஊருக்குத்தானாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மனுசன் கேள்விப்பட்டு வந்தார். வழக்கமாகச் சந்தோசமான சேதியை உரத்துச் சொல்கிற மனுசன், இதை மெதுவாகச் சொன்னார். இன்றைக்குத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு போனால் அண்ணனுக்கு இனிப் பட்டினத்தில் வேலையில்லை. அந்த ஊர் வயலும் வரம்பும் அவரை விடாது. அவர் பிடிவாதமும் விடாது. நான் சின்னச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

மத்தியானம் போய்விட்டது. மணி இல்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கோச்சிக்காரரும் சாப்பிட்டுப் போனார்கள். இருட்டப் போகிற நேரம் என் மனுசன் ஓடி வந்து, "நனைஞ்சு தெப்பமா வந்திரிக்கார்," என்று சொல்லிவிட்டு வாசல் மேசைக்கு ஓடிவிட்டார்.

எருமை மணி ஒரு தரம் அடித்தது. இலைத் துண்டு விரித்து, உப்பில்லாத கறியை வைத்துச் சுற்றிவிட்டேன். அவர் எழுந்து வந்து எடுத்துப் போன சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

அப்போது என் மனுசன் மறுபடியும் உள்ளே வந்தார். முகம் கோணிப்போயிருந்தது. "புள்ள, உப்புக் கரைஞ்சுபோச்சு. மடியை அவிழ்த்துப் பார்க்கார், வெறும் ஈரக் கடுதாசிதான் கிடக்கு. சோத்தைப் பிசைஞ்சுபோட்டுச் சும்மா இரிக்கார். உப்புச் சாடி என்ட மேசையில, கைக்கெட்டின தூரத்தில கிடக்கு. என்னால ஏலாது புள்ள. நான் குடுக்கப் போறன்."

"வாயைத் திறந்தீங்க எண்டா..." என்று அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அப்போதுதான் எருமை மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு கணக்கு எங்கள் கடையில் கிடையாது. நான் அலுமாரிப் பக்கம் போனேன். கயிறு நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ கிட்ட வந்து நிற்பது தெரிந்தது.

"தங்கச்சி."

நான் அலுமாரி மரத்தில் காதை வைத்தேன்.

"தங்கச்சி, இண்டைக்கு இந்தச் சோத்தை எனக்கு விக்கிறியா, தாறியா?"

"தாறன் அண்ணன்," என்றேன். "தாறன்."

"அப்ப உப்புக் கொண்டு வா."

அடுப்படி உப்பை எடுத்து அலுமாரியில் வைத்தேன். சுற்றக் கை போனது. பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, கடைக்குள்ளே வந்தேன். அந்தக் கடை வைத்த நாளிலிருந்து, ஆட்கள் சாப்பிடுகிற நேரத்தில் நான் அங்கே வந்தது அன்றைக்குத்தான். அண்ணன் ஜன்னலோரத்தில் போய் இருந்துகொண்டு, சட்டையிலிருந்து தண்ணீர் வடிய, தட்டைப் பார்த்தபடி இருந்தார். தலையில் நரை விழுந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொஞ்சமா வை," என்றார். "நீ எப்பவும் உப்புக் கூடப் போடுறவள்."

"இவ்வளவு நாளும் போடாத உப்பு எப்பிடி அண்ணன் கூடும்?" என்று கேட்டுவிட்டு அழுதேன். அவரும் மூக்கை உறிஞ்சினார். மழையில் நனைந்த தடிமன் என்றார்.

அதற்குமேல் என் மனுசனைப் பிடித்து வைக்க ஒருவராலும் முடியாது. மாதக் கணக்காக அடக்கி வைத்த உபசாரமெல்லாம் ஒன்றாக உடைத்துக்கொண்டு வந்தது. "மச்சான், இந்த நடுத் துண்டை எடுங்க. மச்சான், தயிரை இப்ப தொடாதங்க, முதல்ல இறாலைத் தின்னுங்க." வாவிக் கரையிலிருந்து தோணிக்காரர் கூப்பிட்ட சத்தம் கேட்டது. படுவான்கரைக்குப் போகிற கடைசித் தோணி.

"கூப்பிடட்டும் மச்சான்," என்றார் என் மனுசன். "தோணி எங்க போகப்போகுது?"

தோணி போய்விட்டது. அண்ணன் அதைக் கேட்டும் கேளாதது போல இருந்தார். தட்டில் சோறு முடிந்திருந்தது. நான் அகப்பையோடு பக்கத்திலேயே நின்றேன். என் மனுசன் இன்னொரு பக்கம் சட்டியோடு நின்றார். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, தன் கயிற்றைத் தானே பிடித்து, எருமை மணியை இரண்டு தரம் இழுத்தார்.